பதினான்கு கொக்கிகள்

கூட்டத்தில் இருந்தவர்கள்: தலைவர் (உதிரிபாகக் கடைக்காரர், மூன்றாம் எண்ணின் அப்பா). பொருளாளர் (மருந்துக்கடைக்காரர்). பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் கால்பந்து அணியின் கோச் (எல்லோருக்கும் அக்கா). ஏழாம் எண்ணின் அம்மா (உறுப்பினர் அல்ல, அக்கா வரச் சொல்லி வந்தவர்). செயலாளர் (நான்).

வராதவர்கள்: மற்ற எல்லோரும்.

அந்தப் புதன்கிழமை மினிட்ஸ் நோட்டில் இப்படித்தான் எழுதினேன். மாலை ஆறு மணி. கூட்டம் நடந்தது மைதானத்துக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறையில். கிளப்புக்கு வேறு அறை கிடையாது. பந்து மூட்டைகளுக்கும் கோடு போடும் சுண்ணாம்புக்கும் நடுவே நான்கு பிளாஸ்டிக் நாற்காலி போடலாம். ஐந்தாவது ஆள் நிற்க வேண்டும். அன்றைக்கு நின்றவர் ஏழாம் எண்ணின் அம்மா. நான் எழுந்து நாற்காலியைத் தள்ளினேன். “இருக்கட்டும். நாள் பூரா டிக்கெட் கவுன்ட்டர்ல உக்காந்துதான் இருக்கேன்” என்று கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். அதுவும் நல்லதுதான். அந்தக் கதவு பூட்டினால்தான் சாத்தி நிற்கும். இல்லையென்றால் தானாகத் திறந்துகொண்டு சுவரில் போய் மோதும்.

நான் செயலாளர் ஆனதற்குக் காரணம் என் கையெழுத்து படிக்கும்படி இருப்பது. மூன்று வருடம் பாலிடெக்னிக்குக்குப் போய் நான் கொண்டுவந்த ஒரே சொத்து அது. கடைசிப் பரீட்சை எழுதவில்லை. இப்போது பார்சல் கிடங்கில் இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை பெட்டிகளைத் தரம் பிரிக்கிறேன். பத்து வருடமாகிறது. சனி, ஞாயிறு காலைகளில் கிடங்கிலிருந்து நேராக மைதானத்துக்கு வந்துவிடுவேன். வீட்டுக்குப் போனால் அம்மா கல்யாணப் பேச்சை எடுப்பார்.

அக்காவுக்கு வேலை ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில். இருபத்தொரு வயதில் அங்கே சேர்ந்தார், அதே வருடம் இங்கேயும் வந்தார். அவருடைய தம்பி ஆடிய அணிக்கு கோச்சாக இருந்தவருக்கு மாற்றல் வந்துவிட்டது. தம்பியைக் கூட்டிப்போக வந்த அக்காவிடம் விசிலைக் கொடுத்து, ஆள் கிடைக்கிற வரைக்கும் நில்லும்மா என்றார்கள். இருபத்தாறு வருடமாக ஆள் கிடைக்கவில்லை. தம்பி வேறு ஊரில் பல் டாக்டர். பந்து என்றாலே அவருக்கு இப்போது ஆகாது. அக்கா மட்டும் வாரத்தில் மூன்று நாள் வந்து நிற்கிறார். இதற்காக யாரும் அவருக்கு எதுவும் கொடுத்ததில்லை, அவரும் கேட்டதில்லை. ஜெர்சிகளையும் அவரேதான் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைக்கிறார். எட்டு மணி நேரம் ஊர்த் துணியைத் துவைத்துவிட்டு இது வேறா என்று ஒருமுறை கேட்டேன். அங்கே ரத்தம், இங்கே சேறு, சேறு சுலபம் என்றார்.

தலைவர் அவரைவிட நான்கு வயது மூத்தவர். அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர் மகனும் அக்கா என்பான். அந்த வீட்டில் அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒரே அக்கா.

இனி பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் மற்றது புரியாது.

முழம் அகல பிளைவுட் பலகை. மேலே ஒன்பது மஞ்சள் கொக்கி, கீழே ஐந்து வெள்ளைக் கொக்கி. மஞ்சள் என்றால் மைதானத்துக்குள், வெள்ளை என்றால் பெஞ்சு. எங்கள் வயதுப் பிரிவில் பக்கத்துக்கு ஒன்பது பேர்தான். கொக்கிகளில் தொங்குபவை ஆஸ்பத்திரி சலவையில் வார்டு மூட்டைகளுக்குக் கட்டி, தேய்ந்ததும் தூக்கிப் போட்ட அலுமினிய டோக்கன்கள். ஒன்று முதல் பதினான்கு வரை. பிள்ளைக்கு ஒன்று. ஆட்டம் அறுபது நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சமையலறை டைமர் அடிக்கும். அடித்ததும் ஒவ்வொரு டோக்கனும் ஐந்து கொக்கி தள்ளிப் போகும். பெஞ்சில் இருந்த ஐந்து பேரும் உள்ளே, உள்ளே இருந்தவர்களில் ஐந்து பேர் வெளியே. முதல் கொக்கிக்கு வருகிறவர் கோல்கீப்பர். ஆக ஒரு ஆட்டத்தில் எங்களுக்கு ஆறு கோல்கீப்பர்கள். நல்லவன், சுமாரானவன், பந்தைக் கண்டால் ஓடுகிறவன் என்ற பேதம் பலகைக்குத் தெரியாது. ஒரு ஆட்டம் எங்கே முடிந்ததோ அடுத்தது அங்கிருந்து தொடங்கும்.

கேப்டனும் பலகைப்படிதான். ஆட்டம் தொடங்கும்போது பதினான்காம் கொக்கியில், அதாவது பெஞ்சின் கடைசியில், யார் தொங்குகிறாரோ அவருக்குக் கைப்பட்டை. தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது, உள்ளே போகிறவனின் லேஸைப் பார்ப்பது, வெளியே வருகிறவன் அழுதால் பக்கத்தில் உட்காருவது எல்லாம் அவர் வேலை. தலைவரின் மகனுக்கு முதல் தடவை பட்டை வந்த அன்று தலைவர் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து, கேப்டன் என்றால் முன்னால் நிற்பான், என் பையன் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான் என்று சத்தம் போட்டார். தண்ணி குடுக்கத் தெரியாதவன் பேச்சை எவன் கேப்பான் என்று அக்கா அவரை வேலிக்கு அந்தப் பக்கம் அனுப்பினார்.

பலகையைப் பிடிப்பது ஆறு வருடமாக நான். ஒன்பது வயதிலிருந்து பன்னிரண்டு வரை நானும் அதில் டோக்கனாகத் தொங்கியவன்தான். பேசாமல் உட்காரும் ஆள் வேண்டும், நீ சரிப்படுவாய் என்று கொடுத்தார். கவிழ்த்த கூடையில் உட்கார்ந்து, மடியில் பலகையை வைத்து, டைமர் அடித்ததும் எண்களைக் கூப்பிடுவேன். அக்கா எதிர்ப்பக்க மூலைக்கொடி அருகே நின்று ஆட்டத்தைப் பார்ப்பார். பலகையைத் திரும்பிப் பார்க்க மாட்டார். எனக்கு முன்னால் மூன்று பேர் பிடித்திருக்கிறார்கள். அவர்களையும் சரிபார்த்ததில்லை என்றார்கள்.

இருபத்தாறு வருடத்தில் எங்கள் அலமாரிக்கு வந்தது ஒரே ஒரு கோப்பை. ஒழுங்காக நடந்துகொண்டதற்குக் கொடுத்தது.

போன வருடக் கூட்டத்தில் தலைவர் இதை எடுத்தார். லைசென்ஸ் வாங்கிய இளம் கோச் ஒருவர் பக்கத்தில் குடிவந்திருக்கிறார், அவரும் சும்மாவே செய்யத் தயார் என்றார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இந்த சீசனில் கோப்பை வந்தால் அணி அக்காவிடம், வராவிட்டால் புதியவரிடம். அக்கா எதிர்த்துப் பேசவில்லை. சரி, எழுதிக்கோ என்றார். நான் எழுதினேன்.

அந்த சீசனில் என்ன ஆனதோ தெரியாது, ஜெயித்துக்கொண்டே போனோம். எல்லா இடத்திலும் ஆடிப் பழகிய பிள்ளைகளை எதிரணிக்காரர்களுக்கு எப்படி மடக்குவது என்று தெரியவில்லை. ஃபைனல் வரை வந்துவிட்டோம். ஃபைனலுக்குக் கேப்டன் யார் என்பது ஒரு வாரம் முன்பே பலகையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏழாம் எண். பட்டப்பெயர் கண்ணாடி. கண்ணாடி கழன்று விழாமல் இருக்கத் தலையைச் சுற்றி எலாஸ்டிக் போட்டிருப்பாள். பதினொரு வயது. நன்றாக ஓடுவாள். பந்து முகத்துக்கு நேரே வந்தால் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கேப்டன் மட்டுமல்ல, கணக்குப்படி இடைவேளைக்குப் பிறகு முதல் பத்து நிமிடம் கோலில் நிற்க வேண்டியவளும் அவள்தான்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஃபைனல். இருபத்திரண்டாவது நிமிடத்தில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். இடைவேளையில் ஒன்றுக்கு பூஜ்யம். இரண்டாம் பாதியில் எங்கள் கோலுக்கு நேரே வெயில். எதிரணியில் ஒருவன் இருந்தான். பன்னிரண்டு வயது என்று அவன் சான்றிதழ் சொன்னது. மீசை வேறொன்று சொன்னது. அவன் அடித்தால் பந்து போவது தெரியாது, வலை ஆடுவதுதான் தெரியும்.

நான் டோக்கன்களை ஐந்து கொக்கி தள்ளினேன். ஏழு முதல் கொக்கிக்கு வந்தது. அதற்கு முந்தைய டோக்கன் மூன்று, தலைவரின் மகன், அணியிலேயே பந்தைக் கைநழுவாமல் பிடிக்கிறவன், பெஞ்சில் கடைசிக் கொக்கிக்குப் போனது. மீசைக்காரன் எதிர்ப்பக்கம் நடுவட்டத்தில் பந்தைக் காலில் உருட்டிக்கொண்டிருந்தான். அக்கா நடுவரிடம் வலையின் கிழிசலைக் காட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றையும் ஏழையும் இடம் மாற்றி மாட்டினேன். யோசித்தேன் என்று சொல்ல முடியாது, யோசிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு விநாடிகூட ஆகவில்லை.

கண்ணாடி அதற்குள் கிளவுஸைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். அதைக் கழற்றி அவனிடம் கொடு என்றேன். “மூணு இப்ப வெளிய வரணுமே” என்றாள். மாற்றியாகிவிட்டது என்றேன். “அப்பாடா” என்று உடனே கழற்றிக் கொடுத்தாள். பொய்யில்லை, அவள் முகத்தில் நிம்மதிதான் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்த பிறகு கேட்டாள்.

“அக்காவுக்குத் தெரியுமா மாமா?”

“சொல்லிக்காத.”

அந்தப் பத்து நிமிடத்தில் மூன்றாம் எண் மூன்று பந்தைத் தடுத்தான். இரண்டு மீசைக்காரன் அடித்தது. அடுத்த டைமரில் டோக்கன்களைப் பழையபடி மாட்டிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். மறந்துவிட்டேன். கத்திக்கொண்டிருந்தேன். ஆறு வருடத்தில் அந்தக் கூடையிலிருந்து நான் எழுந்து நின்றது அன்றுதான். பிறகு தள்ளியபோதெல்லாம் தவறான வரிசையையே தள்ளினேன். கடைசி வரை ஒன்றுக்கு பூஜ்யம். போட்டோ எடுத்தார்கள். தலைவர் மகனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். அக்கா எதிரணிப் பிள்ளைகளுக்குக் கை கொடுக்கப் போனார். எனக்கு உடம்பு தளர்ந்துவிட்டது. பலகையை மடியில் வைத்தபடி கூடையிலேயே தூங்கிவிட்டேன். எழுந்திருந்து இரண்டு டோக்கனை மாற்றி மாட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மதியம் சாமான் அறையில் அக்கா ஜெர்சிகளை எண்ணினார். அவர் எண்ணுவது படுக்கை விரிப்பு எண்ணுவது மாதிரி இருக்கும், இரண்டிரண்டாக, உதடு அசையாமல். எண்ணி முடித்துப் பலகையை ஆணியில் மாட்டப் போனவர் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“மூணுக்கு அப்புறம்தானே ஏழு. இதுல ஏழுக்கு அப்புறம் மூணு தொங்குது.”

சலவைப் பிரிவில் முந்நூறு மூட்டையில் ஒரு மூட்டை இடம் மாறினாலும் கண்டுபிடிக்கிறவரிடம் நான் என்ன சொல்வது. “அசந்துட்டேன் போலக்கா” என்றேன்.

அவர் விரலால் கொக்கிகளைத் தொட்டுத் தொட்டுப் பின்னோக்கி ஐந்தைந்தாக எண்ணினார். ஏழாம் எண் ஆடியது இருபது நிமிடம் என்று அவருக்குத் தெரிந்துபோனது எனக்கும் தெரிந்தது. முப்பது ஆடியிருக்க வேண்டும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பிள்ளையும் பாதி ஆட்டமாவது ஆடியே ஆக வேண்டும் என்பது லீக் விதி. அதை எழுதியவரே அக்காதான். பதினைந்து வருடம் முன்பு லீக்கின் விதிக் குழுவில் இருந்தபோது கொண்டுவந்தார். மற்ற கோச்சுகள் மேசையைத் தட்டிச் சண்டை போட்டும் ஒரே ஒரு ஓட்டில் நிறைவேறியது. அதில் உட்பிரிவு இரண்டு. எண்ணிக்கைத் தவறால் நடந்தால் ஆட்டத்தைத் திரும்ப ஆட வேண்டும். தெரிந்தே செய்திருந்தால் ஆட்டம் எதிரணிக்கு, செய்தவர் ஒரு சீசன் கோட்டுப் பக்கம் வரக்கூடாது.

“சரி. போய்த் தூங்கு” என்றார் அக்கா. டோக்கன்களை அவர் மாற்றவில்லை. அப்படியே மாட்டினார்.

புதன்கிழமைக் கூட்டத்துக்குத் தலைவர் கோப்பையைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தார். ஒழுக்கக் கோப்பையைக் கொஞ்சம் தள்ளிவிட்டு அதன் பக்கத்தில் வைத்தார். புதியது இரண்டு மடங்கு உயரம். கூட்டத்துக்கு இரண்டு விஷயம். ஒன்று, பாராட்டு. இரண்டு, அணி அக்காவிடமே தொடரும் என்று முடிவு எழுதுவது. தலைவர் நல்ல மூடில் இருந்தார். அந்த லைசென்ஸ்காரரிடம் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

அதற்கு முன்னால் ஒரு கடிதம் இருக்கிறது என்றார் அக்கா.

கைப்பையிலிருந்து எடுத்துப் படித்தார். லீக் செயலாளருக்கு எழுதியது. மேலே லீக் ஆபீசின் ‘பெறப்பட்டது’ முத்திரை, அன்றைய தேதியோடு. ஏழாம் எண் இருபது நிமிடமே ஆடினார், விதிப்படி அது குற்றம், அணிக்குப் பொறுப்பு நான் என்று மூன்று வரி. நான்காவது வரியைப் படிக்கும்போது என்னைப் பார்க்கவில்லை. இது எண்ணிக்கைத் தவறா, தெரிந்தே செய்ததா என்பதைப் பலகை பிடித்தவர் எங்கள் கூட்டத்தில் சொல்வார், மினிட்ஸ் நகலை அனுப்புகிறேன், அதன்படி முடிவெடுக்கவும்.

மருந்துக்கடைக்காரர் கடிதத்தை வாங்கி, மருந்துச்சீட்டைப் பார்ப்பது மாதிரி மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தலைவர்தான் முதலில் வாய் திறந்தார். கோபம் இல்லை, காதில் விழுந்ததை நம்ப முடியாதவர் குரல்.

“யாராவது கேட்டாங்களா அக்கா? எதிர் டீம் கேட்டானா? இந்தம்மா கேட்டாங்களா?”

“யாரும் கேக்கல. கேட்டிருந்தா பதில் சொல்லிருப்பேன். கேக்கலங்கறதாலதான் எழுதுனேன்.”

ஏழாம் எண்ணின் அம்மா கதவைத் தாங்கிக்கொண்டு நின்றார்.

தலைவர் இருபது வருடமாக உதிரிபாகம் விற்கிறவர். கேட்ட சாமான் இல்லையென்றால் பொருந்துகிற வேறு சாமானை எடுத்துக் கொடுப்பதில் கெட்டிக்காரர். ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். நாற்காலியை என் பக்கம் திருப்பினார். ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு வருகிறவன், அசந்துவிட்டான், மனுஷன்தானே, என்று மருந்துக்கடைக்காரரிடம் சொல்வதுபோல் என்னிடம் சொன்னார். எண்ணிக்கைத் தவறு என்று எழுதினால் திரும்ப ஆடலாம். ஜெயித்தால் எல்லாம் பழையபடி. தோற்றாலும் பரவாயில்லை, ஃபைனல் ஆடிய அணி, அக்காவை யாரும் அசைக்க முடியாது, அதற்கு நான் பொறுப்பு என்றார். மருந்துக்கடைக்காரர் வேகமாகத் தலையாட்டினார்.

“தூங்கிட்டே. அவ்வளவுதானே? எழுதிடு” என்றார் தலைவர்.

பேனா என் கையில்தான் இருந்தது. எழுதினால் அணி அக்காவிடம். எழுதாவிட்டால் அந்த லைசென்ஸ்காரரிடம். இருவரும் என்னையே பார்த்தார்கள். அக்கா மட்டும் மடியில் இருந்த ஒரு ஜெர்சியின் பிரிந்த தையலை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தார்.

கடைசிப் பரீட்சை அன்று காலை நான் தூங்கிவிட்டதாகத்தான் வீட்டில் சொன்னேன். அப்பா திட்டினார், அம்மா அழுதார், பிள்ளை ராத்திரி முழுக்கக் கண் விழித்துப் படித்ததால் அசந்துவிட்டான் என்று சொந்தக்காரர்களிடம் சொன்னார். உண்மையில் ஐந்து மணியிலிருந்து முழித்துத்தான் கிடந்தேன். அலாரம் அடித்தது, அணைத்தேன். பஸ் ஹார்ன் கேட்டது, கேட்டுக்கொண்டு கிடந்தேன். அந்தப் பொய் இன்றைக்கும் வீட்டில் செல்லுபடியாகிறது. இரவெல்லாம் தூங்காமல் இருப்பதையே வேலையாக வைத்துக்கொண்டவனுக்கு எதற்கெடுத்தாலும் தூக்கம்தான் சாக்கு.

“தூங்கல சார்” என்றேன்.

“டேய். யோசிச்சு சொல்லு.”

“முழிச்சிருந்துதான் மாத்துனேன். ஏழு நின்னா கோல் விழும்னு மாத்துனேன். அக்காகிட்ட சொல்லாதேன்னு அந்தப் பொண்ணுகிட்டயும் சொன்னேன்.”

மருந்துக்கடைக்காரர் கண்களை மூடிக்கொண்டார். ஏழாம் எண்ணின் அம்மா கதவை ஒரு கையால் பிடித்தபடி நிமிர்ந்தார்.

“அன்னிக்கு மத்தியானமே அவ எங்கிட்ட சொல்லிட்டா. நீங்க சொல்றீங்களான்னு பாக்கத்தான் வந்தேன்.” அக்காவைப் பார்த்துத் தொடர்ந்தார். “கோல்ல நிக்காததுல அவளுக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல, அந்தப் பையன் அடிச்சதைப் பாத்தா நானே ஓடிருப்பேன். ஆனா ஞாயித்துக்கிழமை ப்ராக்டீஸுக்கு வரமாட்டேன்னுட்டா. அக்கா கேட்டா என்னம்மா சொல்றதுங்கறா.”

அக்கா ஜெர்சியை மடித்துக் கீழே வைத்தார். “நேத்து போன்ல சொன்னீங்களே” என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த அம்மாவைக் கூட்டத்துக்கு அக்கா ஏன் வரச் சொன்னார் என்பதும், நான் தூங்கிவிட்டேன் என்று எழுதியிருந்தால் அவர் அங்கேயே மறுத்திருப்பார் என்பதும்.

நான் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னார் அக்கா. எழுதினேன். என் கையெழுத்து எப்போதும்போல் படிக்கும்படி இருந்தது.

மிச்சம் பத்து நிமிடத்தில் முடிந்தது. தலைவர் கோப்பையை மறுபடி துணிப்பையில் போட்டுக்கொண்டார். நோட்டில் பின்னால் புரட்டி, போன வருடம் நான் எழுதிய முடிவைச் சத்தமாகப் படித்தார். கோப்பை வராவிட்டால் அணி புதியவரிடம். குரலில் பகை இல்லை.

“விதின்னா எல்லாருக்கும் விதிதானே அக்கா. நீங்க சொல்லிக் குடுத்ததுதான்.”

“ஆமா. எழுதிக்கோங்க.”

மருந்துக்கடைக்காரர் மட்டும் விடவில்லை. இருபத்தாறு வருட சேவையைப் பற்றி இரண்டு வரியாவது மினிட்ஸில் இருக்க வேண்டும் என்று இழுத்தார். அக்கா தடுத்துவிட்டார்.

“அதெல்லாம் எதுக்கு. ஆள் கிடைக்கிற வரைக்கும்னு நிக்க வெச்சாங்க. ஆள் கிடைச்சாச்சு.”

பிறகு, எழுந்தவர் எழுந்தபடியே, எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஆள் இருக்கிறதா என்று கேட்டார். யாரும் இல்லை. எப்போதும் யாரும் இல்லை. இருபத்திரண்டு பிள்ளைகள். பந்து ஒரு பக்கம் போனால் இருபத்திரண்டும் அதன் பின்னால் போகும், இரண்டு பேர் அம்மாவிடம் போவார்கள், ஒருவன் மண் தோண்டுவான். அந்த வயதுக்கு லீக்கும் கிடையாது, கோப்பையும் கிடையாது. அப்படியென்றால் அதை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஆதரித்தவர்கள்: எல்லோரும். அந்தக் கிளப்பில் இவ்வளவு வேகமாகக் கைகள் உயர்ந்து நான் பார்த்ததில்லை.

தலைவரும் மருந்துக்கடைக்காரரும் கிளம்பினார்கள். பை தலைவரின் முழங்காலில் இடித்துக்கொண்டே போனது. ஏழாம் எண்ணின் அம்மாவை அக்கா வாசலில் நிறுத்தினார். சின்னதுகளுக்கு லேஸ் கட்ட ஒரு ஆள் வேண்டும், பலகை பிடிக்கவும் ஆள் வேண்டும், சனிக்கிழமை காலையில் கண்ணாடி வருவாளா என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றார். தன்னிடம் அவள் எதையும் சொல்ல வேண்டியதில்லை, கேட்கவும் மாட்டேன் என்றும் சொல்லச் சொன்னார். கேட்டுப் பார்க்கிறேன் என்று அவர் போனார். அவர் கையை விட்டதும் கதவு திறந்துகொண்டு போய்ச் சுவரில் மோதியது.

அக்கா பலகையை ஆணியிலிருந்து எடுத்து நாற்காலியில் சாய்த்தார். பதினான்கு டோக்கனையும் கழற்றி மேசையில் கொட்டினார். ஏழும் மூன்றும் அந்தக் குவியலில் எங்கேயோ போயின. கைப்பையிலிருந்து புதுக் கொக்கிப் பொட்டலம் ஒன்று வெளியே வந்தது. எட்டுக் கொக்கிகள். பதினான்கும் எட்டும் இருபத்திரண்டு. கூட்டத்துக்கு வரும்போதே வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

“தூங்கலன்னு அன்னிக்கே தெரியுமாக்கா?”

“தூங்குறவன் கையில இருந்து டோக்கன் கீழ விழும். மாட்டிக்கிட்டிருக்காது.” கீழ் ஓரத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே சொன்னார். எழுந்து ஸ்க்ரூடிரைவரைத் தேடினார். நான் எடுத்துக் கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

“சனிக்கிழமை நான் வரணுமா?”

“ஒரு சீசன் கோட்டுப் பக்கம் நிக்கக் கூடாது. நான் எழுதுன விதி.”

“தெரியும்.”

“கோல் போஸ்ட்டைத் தூக்க ஆள் இல்ல. ஆறரைக்கு வந்து தூக்கி வெச்சிட்டு, பசங்க வர்றதுக்கு முன்னால போயிடு. பலகையைத் தொடாத.”

சரி என்றேன். மினிட்ஸ் நோட்டை அலமாரியில், ஒழுக்கக் கோப்பைக்குப் பக்கத்தில், காலியாக இருந்த இடத்தில் வைத்தேன். நாற்காலிகளை அடுக்கலாமா என்று பார்த்தேன். அவர் அதற்குள் ஒரு நாற்காலியில் காலை வைத்துப் பலகையை முழங்காலில் தாங்கி முதல் கொக்கியைத் திருகத் தொடங்கியிருந்தார்.

“ஷிஃப்டுக்கு நேரமாகல? கிளம்பு. காத்து அடிக்குது, கதவு ஆடிட்டே இருந்தா எனக்குக் கை நிக்காது.”

வெளியே வந்தேன். எனக்குப் பின்னால் கதவு மூடியது, சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.